கினி பிக் சொறிகிறதா, முடி கொட்டுகிறதா, நாறுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கினி பிக் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "சொறிஞ்சுக்கிட்டே இருக்கு, என்ன ஷாம்பு போடலாம்?" என்பதுதான். ஷாம்பு தேவைப்படுவது மிக அபூர்வம். குளிப்பாட்டினால் செதிலும் பொருக்கும் ஈரும் கழுவிக்கொண்டு போய்விடும். காரணம் உடம்பிலேயே இருக்கும், ஆனால் டாக்டர் பார்த்துக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. அதனால் முதலில் பார்க்க வேண்டும், கழுவுவதெல்லாம் அப்புறம்.

பார்ப்பதற்கு ஒரு பேன் சீப்பு, டார்ச், வெள்ளைத் தாள், சமையலறைத் தராசு போதும். நல்ல வெளிச்சத்தில் மடியில் துண்டை விரித்து உட்காருங்கள். ரோமத்தை விரலால் எதிர்த்திசையில் பிரித்து, தோல் தெரியும்படி பாருங்கள். காதுக்குப் பின்பக்கத்தில் ஆரம்பித்து கழுத்து, தோள், முதுகு, விலா, பின்பக்கம், தொடையின் உள்பக்கம், வயிறு, பாதம் என்று ஒரே வரிசையில் போனால் எதுவும் விடுபடாது. மனதில் இரண்டு கேள்விகள் இருக்கட்டும். சொறிகிறதா? முடி போன இடம் எது? கீழே உள்ள பிரிவுகளில் எதற்குப் போவது என்பதை இந்த இரண்டும்தான் சொல்லும்.

தராசு எதற்கென்றால், கினி பிக் நோயை மறைத்து வைக்கும் பிராணி, எடை மட்டும்தான் பொய் சொல்லாது. வளர்ந்தது சாதாரணமாக 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். 900 கிராம் இருந்தது 810க்கு வந்துவிட்டால் அறிகுறி எதுவாக இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

## சொறிகிறது, தன்னையே கடித்துக்கொள்கிறது

எல்லா கினி பிக்கும் அவ்வப்போது காதோரம் சொறியும், உடம்பை உதறும். அது பிரச்சினை இல்லை. தின்பதை விட்டுவிட்டுச் சொறிகிறது, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து சொறிகிறது, சொறிந்த இடத்தில் பொருக்கு தட்டுகிறது என்றால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

### படுக்கையை மாற்றிய பிறகு ஆரம்பித்ததா?

புது மரத்தூள், புது சோப்புத்தூள், ஃபிளீஸ் துணிக்குப் போட்ட வாசனைக் கண்டிஷனர் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். செலவே இல்லாத காரணம் இதுதான். படுக்கையால் வந்த எரிச்சல் என்றால் வயிறும் பாதமும் சிவந்திருக்கும், முதுகு சுத்தமாக இருக்கும். வாசனை இல்லாத படுக்கைக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள். மரப்பட்டறையில் தூள் வாங்குபவர்கள் பிளைவுட் அறுத்த தூளைத் தொட வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும். குறையவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

### ஏதாவது ஊர்வது தெரிகிறதா?

தெரிந்தால் பேன். காதுக்குப் பின்பக்கம், கழுத்து, வாலிடம் (வால் இருக்க வேண்டிய இடம்) ஆகிய மூன்று இடங்களிலும் ரோமத்தைப் பிரித்து, கையை அசைக்காமல் சற்று நேரம் பாருங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், வெளிச்சத்தைக் கண்டு ரோமத்தின் அடியை நோக்கி மெல்ல நகர்வதுதான் பேன். வெள்ளைத் தாளின் மேல் பேன் சீப்பால் வாரினாலும் விழும். இவை ரத்தம் குடிப்பவை அல்ல, தோல் செதிலையும் தோலில் கசிவதையும் தின்பவை. அதனால் கொஞ்சமாக இருக்கும்வரை பிராணி அலட்டிக்கொள்ளாது. பெருகிவிட்டால் ரோமம் சிலிர்த்து முரடாகி, கழுத்தில் பொருக்கு தெரியும்.

வீட்டில் குழந்தைகள் தலைக்கு ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கினி பிக் பேன் கினி பிக்கில்தான் வாழும். மனிதப் பேனும் அதற்குப் போகாது.

பேன் சீப்பு எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். முட்டை ரோமத்தோடு ஒட்டியிருப்பதால் முழுவதும் ஒழிக்க மருந்து வேண்டும். அந்த மருந்து பெரும்பாலும் மைட் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக்குத் தருவதேதான். அதைக் கீழே சொல்கிறேன்.

### ஒன்றும் ஊரவில்லை, ஆனால் சொறி தாங்க முடியவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, அதிகம் வருவதும் இதுதான். டிரிக்ஸாகாரஸ் கேவியே என்னும் மைட் தோலுக்குள் குடைந்து வாழ்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால் "பூச்சி ஒண்ணும் இல்லையே" என்று முடிவு கட்டிவிட்டு எண்ணெய் தடவிக்கொண்டே நாளைக் கடத்துகிறார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: இரு தோளுக்கும் நடுவே, முதுகு, விலா, தொடையின் உள்பக்கம். முடி மெலிந்து, தோல் தடித்து, மஞ்சள் கலந்த பொருக்கு படிந்திருக்கும். நகக் கீறல்கள் இருக்கும். முதுகில் விரலை லேசாக வைத்துப் பாருங்கள். பின்னங்கால் தானாக எழுந்து காற்றில் சொறியும், அல்லது பிராணி கீச்சென்று கத்தித் திரும்பிக் கடிக்க வரும். நேற்றுவரை மடியில் சாதுவாகக் கிடந்தது இன்றைக்குத் தொடவே விடவில்லை என்றால், குணம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்குத் தோல் வலிக்கிறது.

இது பெரும்பாலும் கடையிலிருந்தோ வளர்ப்பவரிடமிருந்தோ பிராணியோடு கூடவே வரும். மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்துவிட்டு, வீடு மாறும்போது, சினையாகும்போது, கூட்டாளி இறக்கும்போது, வைட்டமின் சி குறையும்போது கிளம்பும். "புதுசா எதையும் வீட்டுக்குக் கொண்டுவரலையே" என்பது இதை இல்லையென்று சொல்லும் சாட்சி ஆகாது.

மனிதர்களுக்கும் அந்தப் பிராணியைத் தூக்கும் முன்கையிலும் வயிற்றிலும் சிவந்த பொரிகள் வரலாம். மைட் மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது. பிராணி குணமானால் இதுவும் போய்விடும். உங்களுக்கும் அரித்தால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், நல்ல துப்பு அது.

### சொறியும்போது வலிப்பு வருகிறது

மைட் முற்றினால் சொறியும் வேகத்தில் பிராணி பக்கவாட்டில் விழுந்து, முதுகை வளைத்து, கால்களை உதைத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் மூளை நோய் என்றே நினைப்பார்கள். அந்த நேரத்தில் தூக்காதீர்கள், தடவிக் கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் விடாதீர்கள். தொடுவதே அடுத்த வலிப்பைத் தூண்டும். விளக்கை அணைத்து, கீழே துணி போட்டு, விழுந்தால் அடிபடக்கூடிய பொருள்களை அகற்றிவிட்டு, அது அடங்கியதும் ஒரு பெட்டியில் வைத்து அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். இந்த நிலையில் விட்டால் கினி பிக் செத்துப்போகும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை.

### பேனுக்கும் மைட்டுக்கும் மருந்து

டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அதில் எதுவும் தெரியவில்லை என்பதால் மைட் இல்லை என்று ஆகிவிடாது. ஆழத்தில் இருப்பது சுரண்டலில் சிக்காமல் போகலாம். அறிகுறி பொருந்தினால் மருந்தைத் தொடங்கிப் பார்ப்பதே வழக்கம். ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின், எடைக்குத் தகுந்த அளவில்.

மருந்து முட்டையைக் கொல்லாது. அதனால்தான் 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை, சிலசமயம் அதற்கு மேலும், திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் டோஸ் போட்டதும் சொறி நன்றாகக் குறைந்துவிடும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிய முட்டை பொரித்து, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து மருந்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. அந்த 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கிலோ கினி பிக்குக்குத் தேவைப்படுவது ஒரு சொட்டோ அதற்கும் குறைவோதான். கை சற்று நழுவினால் பல மடங்கு போய்விடும். இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

நாய் பூனைக்கான உண்ணிப் பவுடர், உண்ணிப் பட்டை, அமிட்ராஸ் கரைசல், ஃபிப்ரோனில் சொட்டு மருந்து எதையும் நீங்களாகப் போடாதீர்கள். கற்பூரம், மண்ணெண்ணெய், டர்பன்டைன் பேச்சுக்கே இடமில்லை. வேப்பெண்ணெய் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கை போகும் மருந்து. ஆனால் கினி பிக் தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும், தடவியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். காய்ந்து வெடித்த தோலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவலாம். அது எரிச்சலைத் தணிக்கும், மைட்டைக் கொல்லாது.

மருந்து வேலை செய்யும்வரை பின்னங்கால் நகங்களை நுனியில் வெட்டி விடுங்கள். புண் ஆழமாவது பாதி குறையும்.

## முடி கொட்டுகிறது, சொறி இல்லை

### காதுக்குப் பின்னால் மட்டும் வழுக்கை

எல்லா கினி பிக்குக்கும் அப்படித்தான். தோல் வழவழப்பாக, செதில் இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

### முடி கத்தரித்தது மாதிரி குட்டையாக இருக்கிறது

வேரோடு உதிரவில்லை, நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் யாரோ மெல்கிறார்கள். வயிறு, விலா, பின்பக்கம் என்றால் அதுவே மென்றிருக்கலாம். கழுத்திலும் தலையிலும் என்றால் அதன் வாய் அங்கே எட்டாது, கூட்டாளி வேலைதான். புல் போதாமல், இடம் போதாமல், சலிப்பில் இப்படிச் செய்யும். இரண்டுக்கு எட்டு சதுர அடி தரையாவது வேண்டும். ஒளிந்துகொள்ள ஆளுக்கு ஒரு மறைவிடம், எந்நேரமும் வாய் வைக்க உலர்புல். இவற்றைச் சரிசெய்தும் தொடர்ந்தால் அந்த இரண்டையும் கம்பித் தடுப்பு போட்டுப் பிரித்து வையுங்கள். வேறு வேறு அறையில் வைத்தால் தனிமையில் வாடும்.

### ரோமம் மொத்தமாக மெலிந்து மங்கியிருக்கிறது

சினையின் கடைசி வாரங்களில் தாய்க்கும், பால் மறக்கும் சமயத்தில் குட்டிக்கும் இப்படி ஆகும். தானாக முளைத்துவிடும். இரண்டும் இல்லையென்றால் சாப்பாட்டைப் பாருங்கள். கினி பிக்கின் உடம்பு வைட்டமின் சி தயாரிக்காது. கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்திலேயே தெரியும். ரோமம் முரடாகும், நடை தயங்கும், மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. பெரிய நெல்லிக்காயில் சின்னத் துண்டு, கொத்தமல்லி, விதை நீக்கிய குடைமிளகாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருந்தால் போதும். வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கலக்காதீர்கள். வெளிச்சத்தில் சத்து போய்விடும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். கடையில் வெகுநாள் கிடந்த பெல்லட் தீவனப் பாக்கெட்டிலும் சத்து மிஞ்சியிருக்காது, தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். நொண்டுவதும் ஈறில் ரத்தமும் தெரிந்தால் டாக்டர்.

### இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி வழுக்கை

பெண், ஒன்றரை வயதுக்கு மேல், இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்தது போல முடி போயிருக்கிறது, அரிப்பே இல்லை. சூலகக் கட்டி என்று சந்தேகப்பட வேண்டும். காம்பைச் சுற்றிப் பொருக்கு இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும், ஹார்மோன் ஊசியோ அறுவை சிகிச்சையோ டாக்டர் முடிவு செய்வார். இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் அதிகம் செலவு வைப்பது இதுதான். இதற்கு மைட் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பணத்தையும் நாளையும் வீணாக்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

## மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் வட்டமாகச் செதில்

படர்தாமரை. பூச்சி இல்லை, பூஞ்சை. முகத்தில் ஆரம்பித்துக் காதுக்கும் பிறகு முதுகுக்கும் போகும். நடுவில் முடி போய், விளிம்பில் செதில் படிந்து, ஓரளவு வட்டமாகத் தெரியும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குட்டிகளுக்கும், நெரிசலில் வளர்ந்து கடைக்கு வந்தவற்றுக்கும் அதிகம்.

இது மனிதர்களுக்குத் தொற்றும், குழந்தைகளுக்குச் சுலபமாகத் தொற்றும். கையுறை போட்டுத் தூக்குங்கள். வீட்டில் யாருக்காவது வட்டமாகத் தடிப்பு வந்தால் அவர்கள் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தை மடியில் வைத்துக் கொஞ்சுவதை சிகிச்சை முடியும்வரை நிறுத்துங்கள்.

சிலர் ஊதா விளக்கு அடித்துப் பார்த்து, ஒளிரவில்லை, அதனால் பூஞ்சை இல்லை என்பார்கள். கினி பிக்குக்கு வழக்கமாக வரும் டிரைக்கோபைட்டன் பூஞ்சை அந்த விளக்கில் ஒளிராது. விளிம்பு முடியைப் பிடுங்கி கல்ச்சர் வைப்பதுதான், அதாவது அதில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்ப்பதுதான், நம்பகமான சோதனை. ஒன்றிரண்டு சின்ன வட்டம் என்றால் டாக்டர் களிம்பு தருவார், பரவியிருந்தால் வாய்வழி மருந்து வாரக்கணக்கில் போகும். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். முதலில் சிவப்பு குறைந்தது போலத் தெரியும், பூஞ்சையோ பெருகும்.

பூஞ்சை விதை கூண்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிராணியை வேறு இடத்துக்கு மாற்றி, கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் நனைய விட்டு, நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். சிறுநீர்க் கறை மேலோ வினிகரோடு சேர்த்தோ பிளீச்சை ஊற்றவே கூடாது. நச்சுக் காற்று கிளம்பும்.

## ரோமத்தில் வெள்ளைப் புள்ளிகள்

ஊதிப் பாருங்கள். பறந்தால் புல் தூசு அல்லது பொடுகு. பறக்காமல் ரோமத்தில் ஒட்டியிருந்தால், நகத்தால் இழுத்தும் நகரவில்லையென்றால், ஈர். மேலே பேன் பகுதிக்குப் போங்கள்.

பின்பக்க ரோமத்தில் மிக நுண்ணிய கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கிறதா? ரோமத்தில் வாழும் இன்னொரு மைட்டாக இருக்கலாம். செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். இது குடையும் வகை அல்ல, பல பிராணிகளில் தொந்தரவே தராது. ஆனால் இது பெருகியிருந்தால் அந்தப் பிராணிக்கு வேறு ஏதோ நலக்குறைவு இருக்கலாம். பல், எடை, சாப்பாடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் தெள்ளும் சேரும். தாளில் விழுந்த கருந்துகளை ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு. பூனைக்கும் வைத்தியம் பார்க்காமல் கினி பிக் மட்டும் குணமாகாது.

கண்ணோரம் பால் போன்ற திரவம் வந்து, அதை முன்னங்காலால் முகத்தில் தேய்த்துக்கொண்டால் பதற வேண்டாம். முகம் கழுவுவது அப்படித்தான். திரவம் கெட்டியாகிக் கண் ஒட்டிக்கொண்டால்தான் டாக்டர்.

## பின்பக்கம் ஈரம், பிசுபிசுப்பு, நாற்றம்

### வாலிடத்துக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு

ஆணுக்கு அங்கே ஒரு சுரப்பி இருக்கிறது, பழுப்பு மெழுகு போலக் கசியும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கினி பிக்குக்கான மிதமான ஷாம்பு ஒரு சொட்டால் அந்த இடத்தை மட்டும் கழுவுங்கள். தேவைப்படும்போது செய்தால் போதும்.

### வயதான ஆணிடம் தாங்க முடியாத நாற்றம்

ஆசனவாய்ப் பை தளர்ந்து, மென்மையான புழுக்கை அங்கேயே திரண்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினால் வெளியே வரும். ஒருமுறை டாக்டர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு இதை வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும். அப்படியே ஆண்குறி உறையில் புல்லோ முடியோ சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

### நீள ரோம வகை

பெருவியன் வகைக்குப் பின்பக்கப் பாவாடை ரோமத்தைத் தரையில் படாதபடி கத்தரித்துவிடுங்கள். பாதி நாற்றம் அதோடு போய்விடும்.

### தண்ணீராகப் போகிறது

கினி பிக்குக்கு வயிற்றுப்போக்கு அவசர நோய், குட்டி என்றால் இன்னும் அவசரம். காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம், தீவன மாற்றமாக இருக்கலாம், தவறான ஆன்டிபயாட்டிக்காகவும் இருக்கலாம். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் வகையை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து பிராணியே இறந்துபோகும். நாய்க்கோ குழந்தைக்கோ வாங்கி மிஞ்சியதைக் கொடுக்கவே கூடாது. புதிதாக விழுந்த சாணத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.

நாய்க்குப் போல மூன்று மாதத்துக்கொருமுறை குடல்புழு மருந்து கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். சாணப் பரிசோதனையில் புழு தெரிந்தால் மட்டும் கொடுத்தால் போதும்.

### ஈ மொய்க்கிறது

இதில் ஒரு மணி நேரம்கூடப் பெரிது. நனைந்த, அழுக்கான பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழு தோலைத் துளைக்க ஆரம்பிக்கும். ரோமத்தின் அடியில் வெளிறிய சிறு முட்டைக் கொத்து தெரிந்தால் பேன் சீப்பால் வாரி எடுங்கள். புழு தெரிந்தால் எட்டும் புழுக்களை ட்வீசரால் எடுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்புங்கள். மாட்டுப் புண்ணில் போடும் டர்பன்டைனும், நாய்க்கான புழுப்புண் ஸ்பிரேயும் இந்தச் சின்ன உடம்பு தாங்காது. மழைக்காலத்திலும் கோடையிலும் தினமும் இரண்டு வேளை பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், கூண்டுக்குக் கொசுவலை போடுங்கள்.

## கூண்டு நாறுகிறது

பிராணி நாறவில்லை, கூண்டுதான் நாறுகிறது என்றால் ஈரம். அவை வழக்கமாக ஒதுங்கும் மூலையை தினமும் மாற்றுங்கள், முழுக் கூண்டை வாரம் ஒருமுறை. குனிந்து மூக்கைப் படுக்கையருகே கொண்டுபோங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் நுரையீரல் ஏற்கெனவே சிரமப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஃபிளீஸ் காயாது. இரண்டு மூன்று செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அரை ஈரத்தோடு விரிக்காதீர்கள்.

கூண்டின் அடித்தட்டில் வெள்ளையாகப் படிவது சிறுநீரின் சுண்ணாம்பு. வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தால் விடும். படிவு மணல் மாதிரி நெருடினால், சிறுநீர் போகும்போது கத்தினால், வெள்ளைத் துணியில் புதிதாக விழுந்த சிறுநீரே சிவந்திருந்தால், டாக்டர். பினாயிலும் அந்துருண்டையும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

## காது, பாதம்

காதில் கொஞ்சம் மெழுகு இருப்பது சாதாரணம். கருத்த பொருக்கு, துர்நாற்றம், தலையை ஒரு பக்கம் சாய்ப்பது ஆகியவற்றுக்கு டாக்டர். முயலோடு சேர்த்து வளர்த்தால் முயலின் காது மைட்டும் ஒட்டலாம். பட்ஸ் உள்ளே விடாதீர்கள்.

பாதம் சிவந்து வீங்கினால் கம்பித் தரை, ஈரப் படுக்கை, அதிக எடை ஆகிய மூன்றையும் சரிசெய்யுங்கள். புண்ணோ கருத்த பொருக்கோ வந்துவிட்டால் தாமதிக்காதீர்கள், கிருமி எலும்புவரை போகும்.

## குணமாகித் திரும்பத் திரும்ப வருகிறது

என்னிடம் வரும் சிக்கலான கேஸ்கள் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். வரிசையாகச் சரிபாருங்கள்.

சொறிவதற்கு மட்டும் மருந்து போட்டீர்களா? கூட இருக்கும் எல்லாவற்றுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், ஒரே நாளில் போட வேண்டும்.

எல்லா டோஸும் முடிந்ததா, தேதி தள்ளிப்போனதா? காலண்டரில் அடுத்த தேதியை அன்றைக்கே வட்டமிடுங்கள்.

ஒவ்வொரு டோஸ் நாளிலும் கூண்டைக் காலி செய்தீர்களா? உதிர்ந்த முடியில் முட்டை ஒட்டிக் கிடக்கும். படுக்கையைக் குப்பையில் போடுங்கள், ஃபிளீஸைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், பிளாஸ்டிக்கிலும் கம்பியிலும் வெந்நீர் ஊற்றுங்கள். மர வீட்டின் இடுக்கில் வெந்நீர் எட்டாது, சிகிச்சை முடியும்வரை அதற்குப் பதில் அட்டைப்பெட்டி வைத்து வாராவாரம் தூக்கிப் போடுங்கள்.

புல் எங்கிருந்து வருகிறது? நாய்களும் ஆடுகளும் திரியும் இடத்து அருகம்புல், களத்து ஓரத்து வைக்கோல் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. வைக்கோலில் சத்தும் குறைவு. கோ-4 புல்லையோ கொழுக்கட்டைப் புல்லையோ நம்பகமான இடத்தில் வாங்கி, அலசி உலர்த்திப் போடுங்கள். உலர்புல் பையை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பூச்சி பயம் குறையும்.

புதிதாக ஒன்றைச் சேர்த்தீர்களா? வேறு அறையில் மூன்று வாரம் தனியாக வைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அதுவரை மற்றவற்றைக் கவனித்து முடித்த பிறகு கடைசியாக அதைக் கவனித்துக் கை கழுவுங்கள்.

இத்தனையும் சரி, இன்னும் சொறிகிறது அல்லது முடி கொட்டுகிறது என்றால் நோய் வேறு. பூஞ்சைக்கும் சூலகக் கட்டிக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

## எப்போது குளிப்பாட்டலாம்

சாணத்திலோ எண்ணெயிலோ புரண்டிருந்தால், பின்பக்கம் நனைந்து கிடந்தால், டாக்டர் மருந்து ஷாம்பு எழுதியிருந்தால். இந்த மூன்றுக்குத்தான். தோல் சுரண்டிப் பார்க்கும் முன்பும், தோலில் சொட்டு மருந்து விட்ட இரண்டு மூன்று நாளிலும் வேண்டாம். இரண்டு அங்குலம் வெதுவெதுப்பான தண்ணீர், வழுக்காமல் அடியில் துண்டு, தலையில் தண்ணீர் படாமல், ஐந்து நிமிடத்துக்குள். முழுக்கக் காயும்வரை மின்விசிறியின் கீழே விடாதீர்கள்.

## டாக்டரிடம் போகும்போது

முதலில் போன் செய்து, முயலும் கினி பிக்கும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். பல ஊர்களில் மாடும் நாயும்தான் பழக்கம். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைக்குப் போகலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கல்லூரிகள் உள்ளன.

வாராந்திர எடைக் குறிப்பு, முடி கொட்ட ஆரம்பித்த நாளில் எடுத்த படம், சொறிவதையோ வலிப்பையோ எடுத்த வீடியோ, ஏற்கெனவே போட்ட மருந்தின் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று குளிப்பாட்டக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது. கூட்டாளியையும் அதே பெட்டியில் கூட்டிப் போங்கள், அதையும் சோதிக்க வேண்டியிருக்கும். பட்டினி போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். கினி பிக் வாந்தி எடுக்காது, வயிறு காலியாகக் கிடந்தால்தான் ஆபத்து. பெட்டியில் ஒரு கைப்பிடி புல்லும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் போட்டுவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள், வண்டியில் சூடு ஏறினால் கினி பிக் தாங்காது.